நகல் கடிகார மோகமும் நம் கடைகளும்

நெய்வேலியில் கைக்கடிகாரத்துக்கு என்றுமே ஒரு தனி மரியாதை உண்டு. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-இல் சோவியத் நாட்டு உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கிய நாள் முதல், இரவு பகல் பாராமல் ஷிப்டு முறையில் ஓடுகிற ஊர் இது. சுரங்கத்துக்குப் போகிறவரும் சரி, மின் நிலையத்துக்குப் போகிறவரும் சரி, மணி பார்த்துச் சாப்பிட்டு மணி பார்த்து உறங்கியவர்கள். அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. ஷிப்டு மட்டும் ஓயவில்லை.

இந்த ஊரில் கடிகாரம் கட்டும் பழக்கம் சில ஆண்டுகளாக வேறு உருவம் எடுத்திருப்பதைப் பார்க்கிறோம். நேரம் பார்க்கச் செல்போன் வந்துவிட்டது. கடிகாரம் ஆசைக்கும் அழகுக்கும் என்று ஆகிவிட்டது. ரோலக்ஸ், ஒமேகா என்று பெயர் பொறித்த கடிகாரங்கள், மாதச் சம்பளக்காரர் கைகளிலும், நம் வணிகர் வீட்டுப் பிள்ளைகள் கைகளிலும் மின்னுகின்றன. அசல் வாங்கப் பல லட்சம் வேண்டும். இவர்கள் கட்டியிருப்பது நகல். சந்தையில் 'பர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று சொல்கிறார்கள்.

மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வணிகருக்கும் இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பொறுமையாகப் படித்தால் விளங்கும்.

தெரிந்தே வாங்குகிறவர்கள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நகல் கடிகாரம் கட்டுகிறவர் எல்லாரும் ஏமாந்தவர் அல்லர். அதைத் தெரிந்தே தேடி வாங்கி, பெட்டி நிறையச் சேர்த்து, தம்மைப் போன்றவர்களோடு ஒப்பிட்டு மகிழ்கிற ஒரு கூட்டம் உலகம் முழுவதும் இருக்கிறது. நம் ஊரிலும் இருக்கிறது. தபால் தலை சேர்ப்பது, பழைய நாணயம் சேர்ப்பது போல இதையும் ஒரு பொழுதுபோக்காகவே கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் பேசுவதைக் கேட்டால் நமக்கே வியப்பாக இருக்கும். முகப்பில் உள்ள எழுத்தின் வால் ஒரு மயிரிழை நீளமாக இருக்கிறது என்பார்கள். தேதி எண் கட்டத்துக்குள் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார்கள். ரோலக்ஸ் கடிகாரத்தில் தேதியின் மேல் ஒரு சிறு குமிழ்க் கண்ணாடி உண்டு. அது எழுத்தை இரண்டரை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும். ஒன்றரை மடங்குதான் காட்டினால் 'இது மட்டமான நகல்' என்று ஒதுக்கிவிடுவார்கள். சீனாவின் குவாங்சோ நகரத்துச் சந்தையிலிருந்து சரக்கு புறப்படும் முன்பே புகைப்படம் வரவழைத்து, குறை இருந்தால் 'இது வேண்டாம், வேறு அனுப்பு' என்று திருப்புகிறவர்களும் உண்டு. நாம் மிளகாய் வற்றல் மாதிரி பார்ப்பதைவிடக் கறாராகப் பார்க்கிறார்கள்! சில நூறு ரூபாயில் கிடைக்கும் நகலும் உண்டு, முப்பது நாற்பதாயிரம் கொடுத்து வாங்கும் நகலும் உண்டு.

உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவிட்சர்லாந்தின் ஈ.டி.ஏ. என்ற நிறுவனம் உருவாக்கிய 2824 என்ற இயந்திரம், கை அசைவிலேயே சாவி ஏறுகிற வகை. அதன் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதே அமைப்பில் சீனத் தொழிற்சாலைகள் வெளிப்படையாகவே செய்து விற்கின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தம் சொந்தப் பெயரைப் பொறித்து, பழைய புகழ்பெற்ற கடிகாரத்தின் சாயலில் செய்து விற்கிற கம்பெனிகளும் உள்ளன. சாயல் வேறு, நகல் வேறு. அடுத்தவன் பெயரையும் முத்திரையையும் முகப்பில் அச்சிடுகிற அந்த நொடியில்தான் அது கள்ளச் சரக்கு ஆகிறது.

இருநூறு வருடத்துக் கதை

கடிகாரத்தில் நகல் என்பது இன்று நேற்று வந்ததில்லை. பாரிசில் பிரெகே என்ற கடிகார மேதை இருந்தார். அவர் பெயரைப் போட்டு மற்றவர்கள் செய்து விற்கும் தொல்லை தாங்காமல், 1795 வாக்கில் முகப்பில் ஓர் இரகசியக் கையெழுத்தைக் கீறி வைக்கத் தொடங்கினார். நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் கண்ணுக்குப் புலப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். வெஸ்ட் எண்ட், பேவர் லூபா போன்ற சுவிஸ் கடிகாரங்கள் ஒரு காலத்தில் வசதி படைத்தவர்களின் சொத்து. சாமானியனுக்கு எட்டும்படி கடிகாரம் செய்தது அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை அமைத்தார்கள். ஜனதா, பைலட், கஞ்சன் என்று பெயர்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போட்டால் அது பெருமையான சீர். பிறகு 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் தொழிற்சாலை வந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்தை குவார்ட்ஸ் கடிகாரம் ஓரங்கட்டியது.

இடையில் வெளிநாட்டுக் கடிகாரம் என்றால் கடத்தல் சரக்குதான். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பர்மாவிலிருந்து வந்த நம் மக்களின் பிழைப்புக்காக 1969-இல் ஏற்பட்ட பர்மா பஜாரைத் தெரியாத வணிகர் இருக்க முடியாது. 'பாரின் வாட்ச்' என்றாலே பலருக்கு அங்குதான் நினைவு போகும். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதில் தங்கத்துக்குப் பக்கத்தில் பெயர் சொல்லி எழுதப்பட்ட பொருள் கைக்கடிகாரம். கடத்தல் சரக்கு என்ற நியாயமான சந்தேகத்தில் அதிகாரி கைப்பற்றினால், 'இல்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில். அந்தப் பிரிவு இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. கடையில் இரண்டு கடிகாரம் தொங்கவிட்டு விற்கலாம் என்று நினைக்கும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பதினேழு கடிகாரங்கள்

பொழுதுபோக்கு வம்பாக மாறுவது எங்கே என்பதை நாம் நேரில் கண்ட ஒரு விவகாரத்தால் சொல்வது நல்லது.

நம் கடையின் நீண்ட நாள் வாடிக்கைக் குடும்பம் ஒன்று. பெரியவர் டவுன்ஷிப்பில் முழுச் சர்வீஸ் முடித்து, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனவர். ஒரு பைசா பாக்கி வைக்காத மனிதர். ஓய்வு பெற்ற பிறகு கடிகாரம் சேர்ப்பதில் ஈடுபட்டார். மரப் பெட்டியில் வெல்வெட் துணி விரித்து 17 கடிகாரங்கள். தினம் ஒன்றாகக் கட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போவார்.

அவர் காலமானதும் பாகப்பிரிவினை வந்தது. இரண்டு மகன்கள், ஒரு மகள். வீடு, ஒரு காலி மனை, கொஞ்சம் வைப்புத் தொகை, இந்தப் பெட்டி. கடிகாரத்தின் மேலிருந்த பெயர்களைப் பார்த்துப் புதிய விலையைக் கணக்குப் போட்ட இளைய மகன், 'மனையில் எனக்குப் பங்கு வேண்டாம், அப்பாவின் கடிகாரங்கள் போதும்' என்றான். மற்ற இருவருக்கும் அதில் மனக்குறை. தம்பிக்கு அதிகம் போகிறதே என்று! கடைசியில் அவன் கையிலிருந்து மேற்கொண்டு ஒரு தொகையும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டான். பத்திரம் பதிவும் ஆகிவிட்டது.

ஒரு வருடம் கழித்துப் பிள்ளை படிப்புச் செலவுக்கு ஒரு கடிகாரத்தை விற்கப் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. அதன் பிறகு பஞ்சாயத்துக்கு நம்மையும் அழைத்தார்கள். கடலூரில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்மூடியைத் திறந்தார். 12 கடிகாரங்களில் சீன இயந்திரம், நல்ல வேலைப்பாடு. மூன்றில் சாதாரண பாட்டரி இயந்திரம். மீதி இரண்டும் எச்.எம்.டி.

இளைய மகன் தந்தையை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவரோடு இதே பொழுதுபோக்கில் இருந்த ஒருவரை விசாரித்தோம். "சார் ஒரு நாளும் இதை அசல் என்று சொன்னதில்லை. எது எவ்வளவுக்கு வாங்கியது, எதில் என்ன குறை என்று விரல் விட்டுச் சொல்வார்" என்றார் அவர். நண்பர்களுக்கெல்லாம் தெரிந்த விவரம், வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் கேட்கவில்லை, அவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

அண்ணன் பத்திரத்தைக் காட்டினார். தம்பி பெட்டியைக் காட்டினான். நான்கு முறை கூடிப் பேசினோம். கடைசியில் தங்கை தன் பங்கிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்க, தம்பி மேற்கொண்டு கொடுத்த ரொக்கத்தை மட்டும் அண்ணன் திருப்பித் தந்தார். மனை போனது போனதுதான். அண்ணனும் தம்பியும் இன்று வரை பேச்சில்லை.

இதில் நாம் கவனித்த சங்கதி ஒன்று. நகலை முதலில் வாங்குகிறவருக்கு அது நகல் என்று தெரியும். அவர் ஏமாறவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. கடிகாரம் இரண்டாவது கைக்கு, மூன்றாவது கைக்குப் போகும்போது பொருள் மட்டும் போகிறது, அந்த விவரம் கூடப் போவதில்லை. கைமாறும் இடம் எது? பாகப்பிரிவினை, சீர்வரிசை, கடன் ஈடு, அடகுக் கடை, பழைய பொருள் வாங்கும் கடை. பாதிக்கு மேல் நம் போன்றவர்களின் கல்லாவுக்கு முன்னால்தான்.

பழைய முகத்துக்குப் புதுப் பூச்சு

அந்தப் பெட்டியிலிருந்த இரண்டு எச்.எம்.டி. கடிகாரங்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஒன்று பளபளவென்று ஆரஞ்சு நிற முகப்புடன் புத்தம் புதிதாக இருந்தது. மற்றொன்று முகப்பு மஞ்சள் பாய்ந்து, ஓரத்தில் கறையோடு கிடந்தது. கறை பிடித்ததைத்தான் பெரியவர் தனியே எடுத்து வைத்தார். "இது பிறந்தபடி இருக்கிறது. அது பம்பாய் வேலை" என்றார்.

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடுவது என்று மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. மூடப் போகிறார்கள் என்ற செய்தி பரவியபோதே சேகரிப்பவர்களின் ஆசை ஏறிவிட்டது. ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் வெளிநாட்டிலும் கிராக்கி வந்தது. கிராக்கி வந்த இடத்தில் கைவேலை வராமல் இருக்குமா? உடைந்த பழைய கடிகாரங்களை வாங்கி, ஒன்றின் இயந்திரம், இன்னொன்றின் கூடு, மூன்றாவதன் முள் என்று சேர்த்து, முகப்பைச் சுரண்டி அந்தக் கம்பெனி ஒரு நாளும் வெளியிடாத நிறங்களில் புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். உலகச் சந்தையில் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. எச்.எம்.டி. மட்டுமா? சீக்கோ 5, ரிக்கோ, கேமி, பேவர் லூபா என்று எல்லாவற்றுக்கும் இந்த அலங்காரம் நடக்கிறது.

இதை முழுக்க மோசடி என்று நாம் சொல்ல மாட்டோம். ஓடாமல் கிடந்ததை ஓட வைக்கிற தொழில் திறமை அதில் இருக்கிறது. 'புதுப்பித்தது' என்று சொல்லி விற்றால் நல்ல வியாபாரம். 'கம்பெனியில் இருந்த பழைய ஸ்டாக், பிரிக்காதது' என்று சொல்லி விற்பதுதான் கோளாறு.

மலிவு விலைக் கடிகாரங்களிலும் நகல் உண்டு. கேசியோ கம்பெனி 1989-இல் வெளியிட்ட எப்-91 டபிள்யூ என்ற பிளாஸ்டிக் கடிகாரம் உலகெங்கும் விற்கிறது. அதன் வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் கம்பெனியின் பெயர் திரையில் தோன்றும். நகலைக் கண்டுபிடிக்க அது ஒரு வழியாக இருந்தது. பிறகு நகல் செய்கிறவர்கள் அதையும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்! ஆகவே 'இந்த ஓர் அடையாளம் போதும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 103-ஆம் பிரிவு போலி முத்திரை இடுகிறவருக்கு. 104-ஆம் பிரிவு விற்கிறவருக்கு. விற்பது மட்டுமில்லை, விற்பனைக்கு என்று பார்வையில் வைத்தாலும், விற்கும் நோக்கத்தோடு கைவசம் வைத்திருந்தாலும் அந்தப் பிரிவு பாயும். 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை சிக்கினால் குறைந்தது ஒரு வருடம், ஒரு லட்சம். 115-ஆம் பிரிவின்படி டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி, வணிகக் குறிப் பதிவாளரின் கருத்தைப் பெற்ற பின், வாரண்டு இல்லாமலே சோதனை போட்டுச் சரக்கை எடுக்கலாம்.

சொந்த உபயோகத்துக்காக வாங்கிக் கட்டிக்கொள்கிறவரை இந்த 104-ஆம் பிரிவு தொடுவதில்லை. வெளிநாட்டில் அப்படி இல்லை. இத்தாலியில் நகல் வாங்குகிறவருக்கே 300 யூரோ முதல் 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2008 ஜூலை முதல், பயணி கையில் ஒரே ஒரு நகல் இருந்தாலும் சுங்கத்தார் பறித்து அழித்துவிடலாம். வெளிநாடு போகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி அனுப்புவது நல்லது.

ஆகவே நம் நாட்டில், ஆசைப்பட்டவர் ஆசைப்பட்டபடி கட்டிக்கொண்டு போகிறார். அவர் கழற்றிக் கொடுத்ததை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார். ஒரு தப்பிக்கும் வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. நியாயமான எச்சரிக்கை எல்லாம் எடுத்தேன், சந்தேகப்பட எனக்குக் காரணம் இல்லை, யாரிடம் வாங்கினேன் என்ற முழு விவரமும் இதோ என்று கடைக்காரர் நிரூபித்தால் விடுதலை உண்டு. அதற்குக் கையில் இருக்க வேண்டியது கொள்முதல் பில். முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் உள்ள உண்மையான பில். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிய கணக்கு கோர்ட்டில் நிற்காது.

மளிகைக் கடைக்கு வருவோம்

இந்தச் சட்டம் கடிகாரத்துக்கு மட்டும் எழுதியதில்லை. நம் கடையில் இருக்கும் சோப்பு, தேயிலைத் தூள், கொசுவத்தி, பாட்டரி, சலவைத் தூள் எல்லாவற்றுக்கும் அதே பிரிவுதான். கணக்குப் போட நாம் வைத்திருக்கும் கால்குலேட்டரைத் திருப்பிப் பாருங்கள். சிட்டிசன் என்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வந்த கால்குலேட்டர் எத்தனை கடைகளில் இருக்கிறது!

பிரபலமான பாக்கெட்டின் நிறம், அதே வளைவு எழுத்து, ஓர் எழுத்து வித்தியாசம், பெட்டிக்கு நூறு ரூபாய் கூடுதல் லாபம் என்று வேனில் வந்து இறக்குகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். பில் கேட்டால் 'அடுத்த டிரிப்பில் தருகிறேன்' என்பார்கள். அடுத்த டிரிப்பில் வேறு ஆள் வருவார். அந்தச் சரக்கில் பிரச்சினை வந்தால் கையைக் காட்ட நமக்கு ஆள் இருக்காது. உணவுப் பொருளாக இருந்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தவறான அடையாளமிட்ட பொருளை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளரின் முழு முகவரி இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து இறக்க அரை நிமிடம் போதும்.

கடிகாரத்துக்கு நகல் செய்கிறவனும் இதையே செய்கிறான். ஆனால் கடிகாரம் சேர்க்கிறவர், எழுத்தின் வால் நீளத்தைக் கூட அளந்து பார்க்கிறார். தேயிலை வாங்கும் நம் வாடிக்கையாளர் அப்படிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் பார்த்திருப்பார் என்று நம்பிக் கேட்ட விலையைக் கொடுக்கிறார்.

கடனுக்கு ஈடாகக் கடிகாரத்தை வாங்கி வைக்கும் பழக்கம் சில சிறு கடைகளில் இன்னும் இருக்கிறது. மாதக் கடைசியில் கழற்றிக் கொடுத்துவிட்டு அரிசி எடுத்துப் போவார்கள். அதை நிறுத்திவிடுவது உத்தமம். அசலா நகலா என்று நமக்குத் தெரியாது. மீட்க வரும்போது 'நான் கொடுத்தது அசல், நீ மாற்றிவிட்டாய்' என்றால் பதில் சொல்ல முடியாது. அடகு பிடிப்பதற்கு என்று தனியே சட்டமும் உரிமமும் இருக்கின்றன.

வடலூர்க் குடும்பத்து விவகாரத்துக்குப் பிறகு, நகல் சேர்க்கிற நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் ஒரு யோசனை சொன்னோம். கணக்கு நோட்டு ஒன்றில், கடிகாரத்தின் பெயர், வாங்கிய தேதி, கொடுத்த விலை, அசல் அல்லது நகல் என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கும்படி கேட்டுக்கொண்டோம். மனிதர் மறுவாரமே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். 23 வரிகள், எல்லாம் சுத்தமான கையெழுத்து. நோட்டு இப்போது நம் கடை அலமாரியில்தான் இருக்கிறது. எது நகல் என்ற விவரத்தை வீட்டில் சொல்லிவிட்டாராம். விலை எழுதிய பக்கம் மட்டும் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்கிறார்.